உண்ணிக்கொக்கின் புது வேலை

பத்து வருஷம் எருமை முதுகில் உண்ணி பொறுக்கியே வைத்தியராகப் பேரெடுத்த கொக்கு ஒன்று, வாலடிக்கும் சாணிக்கும் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு உண்ணிப்பொடிக் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்தது. கழுத்தில் அடையாள அட்டையும் இறக்கை இடுக்கில் பொடி டப்பாவுமாக, முதல் நாளே தன் பழைய நோயாளி அலமேலு எருமையைத் தேடிப் போனது.

"வாங்க டாக்டரே! இடது காதுக்குப் பின்னாடி ரெண்டு நாளா ஒரே அரிப்பு. கொஞ்சம் பாருங்களேன்" என்று எருமை தலையைச் சாய்த்தது.

"இப்போல்லாம் நான் தொட்டு வைத்தியம் பாக்கிறதில்லக்கா. இந்தப் பொடியைத் தூவுங்க. எருமைக் கூட்டத்துக்கே விடிவுகாலம்!"

"உண்ணி ஒண்ணுகூட மிஞ்சாதா?"

"ஒண்ணுகூட மிஞ்சாது" என்று சொல்லும்போதே கொக்கின் கண் காதுப் பக்கம் போய்விட்டது. அங்கே மொச்சைக்கொட்டை கணக்காக ஓர் உண்ணி கொழுத்துக் கிடந்தது. காலையிலிருந்து மூன்று மீட்டிங்கில் பேசிய கொக்குக்கு வயிறு காந்தியது.

டப்பாவைக் கொடுத்துவிட்டு நாலடி நடந்த கொக்கு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

"அக்கா, உடம்பு பூரா நல்லாத் தூவுங்க. அந்த இடது காதை மட்டும் விட்டுடுங்க. சனிக்கிழமை எனக்கு லீவு. அதை நானே வந்து பாத்துக்கிறேன்."