பக்கத்துலயே ஒரு மெக்கானிக்

"பத்து நிமிஷம்னு சொல்லி ஒரு மணி நேரமாச்சும்மா. உங்களுக்கே இது நியாயமா இருக்கா?"

கிளட்ச் வயர் அறுந்த பைக்கைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, அவன் உதவி மையத்துப் பெண்ணிடம் போனில் கத்திக்கொண்டிருந்தான்.

"மன்னிக்கணும் சார். மெக்கானிக் அப்பவே கிளம்பிட்டார். இப்ப போனை எடுக்க மாட்டேங்கறார்."

"நடந்து வந்திருந்தாக்கூட இந்நேரம் வந்திருக்கலாம்! எனக்காக அங்க ஒருத்தர் வெயில்ல காஞ்சுக்கிட்டிருக்கார். அவருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"கோச்சுக்காதீங்க சார். உங்களுக்கு ரொம்பப் பக்கத்துலயே இன்னொருத்தர் இருக்கார். லைன்லயே இருங்க."

போனில் பாட்டு ஓடியது. அவன் சுற்றிலும் பார்த்தான். ஈ காக்கை இல்லை.

அவன் தோள்பையில் இருந்த இன்னொரு போன் அலறியது. அது அதே உதவி மையக் கம்பெனி தன் மெக்கானிக்கான அவனுக்குக் கொடுத்த போன். ஸ்டாஃப் என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்றுதான் சொந்த போனில் கஸ்டமராகக் கூப்பிட்டிருந்தான்.

அதே பெண்தான்.

"அண்ணே, உங்க பக்கத்துலயே ஒரு பைக் நிக்குது. கிளட்ச் வயராம். அந்த ஆள் வாயைத் திறந்தாலே திட்டுறார். எப்போ போவீங்க?"

டூல் பெட்டியைப் பார்த்தான். இருந்த ஒரே கிளட்ச் வயரை முந்தின வண்டிக்கு மாட்டியாகிவிட்டது. உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தான். பழக்கம் முந்திக்கொண்டது.

"கிளம்பிட்டேம்மா. பத்து நிமிஷம்."

சொந்த போனில் பாட்டு நின்றது.

"சார், மெக்கானிக் கிளம்பிட்டார். பத்தே நிமிஷம்!"