சேற்றோடு ஆடிய ஆட்டம்

கல்லூரிகளுக்கு இடையேயான கூடைப்பந்து சீசனின் இறுதி ஆட்டம் அது. நான்கு மணிக்குள் எதிரணி வராவிட்டால் கோப்பை ஏசுவடியானின் அணிக்கே. எதிரணியின் பஸ் ஆற்றுப்பாலத்தருகே மழைச்சேற்றில் சிக்கிக்கொண்டதாக மூன்று மணிக்குத் தகவல் வந்தது.

"சும்மா இருல, கப்பு நமக்குத்தான்," என்றான் அணித்தோழன் சாகுல்.

"ஆடாமலே வாங்கி என்னல செய்ய?" என்று ஏசுவடியான் பாலத்தை நோக்கி ஓடினான். அணியும் பின்னால் ஓடியது. இரண்டு அணியும் சேர்ந்து தள்ளியதில் பஸ் கிளம்பியது. அதே சேற்றோடு ஆடினார்கள். ஏசுவடியானின் அணி ஒரு புள்ளியில் தோற்றது.

முப்பது வருடம் கழித்து, மகளைச் சேர்க்க அந்த எதிரணிக் கல்லூரிக்குப் போன ஏசுவடியான், சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன் நின்றுவிட்டார். இரண்டு அணியும் கலந்து, தோளில் கைபோட்டு நின்றிருந்தன.

"இதுல யாரெல்லாம்ப்பா உங்க டீமு?" என்றாள் மகள்.

எல்லாப் பனியனும் ஒரே சேற்று நிறம். அவர் ஒவ்வொரு முகமாகத் தொட்டுத் தேடத் தொடங்கினார்.