வாலில் வெள்ளை

"அங்க பெரிய வாத்தே கிடையாது, காவலாளி புளுகுறார்னு எங்க சங்கம் சொல்லுது மேடம்," என்றார் வேட்டைச் சங்கத் தலைவர்.

ஏரிக் காவலாளி துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். மூடுபனியில் படகின் முனைகூடத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். சீழ்க்கை வாத்தில் இரண்டு வகை. இரண்டும் பழுப்பு, வால்தான் அடையாளம். சின்னதற்கு வாலடி செம்பழுப்பு; அதைச் சுடலாம். பெரியதற்கு வெள்ளைப் பட்டை. அது ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த வருஷம் ஏரியில் யாரும் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது. பத்து நாளாக ஒன்று இருப்பதாகக் காவலாளி எழுதிக் கொடுத்திருந்தார். பொய் என்று சங்கம் மனுப் போட, அதிகாரி பார்க்க வந்திருந்தாள். பொய்யென்றால் காவலாளிக்கு வேலை போய்விடும்.

கிட்டப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

காவலாளி குரலைத் தணித்தார். அந்த நாணல் பக்கம் யாருமே போவதில்லையாம். போன வருஷம் பனியில் நாணல் அசைந்ததைப் பார்த்து யாரோ சுட்டுவிட்டார்கள். உள்ளே இருந்தது தலைவரின் மகன்.

"அப்புறம் விடியக்காலையில அங்கேருந்து சீட்டிச் சத்தம் வருது மேடம். வாத்து மாதிரி இல்ல. ஆளைக் கூப்பிடற மாதிரி."

தலைவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாணல் தெரிந்தது. அதனடியில் ஒரு வாத்து. வாலில் பளிச்சென்று வெள்ளை.

"சரி, வெள்ளை தெரியுது. நாங்க தோத்துட்டோம், திரும்பலாம்," என்றார் தலைவர்.

பயம் போலிருக்கிறது என்று நினைத்த அதிகாரி, இன்னும் கிட்டப் போகச் சொன்னாள். கை தட்டினாள். பறக்கவில்லை. காவலாளி துடுப்பால் தண்ணீரை அடித்தார். அதன் கழுத்துகூடத் திரும்பவில்லை. கண் மட்டும் அவளையே பார்த்தது.

அவள் படகோரம் குனிந்தாள். கையை நீட்டித் தூக்கினாள்.

மரம். அடியில் கயிறு, கயிற்றில் கல்.

"வாத்தை ஏமாத்தி இழுக்க வேட்டைக்காரங்க மிதக்கவிடற மரவாத்து, பறிமுதல் பண்ணினது உங்க அறையில நிறைய இருக்குமே," என்றாள் காவலாளியிடம்.

"சத்தியமா உயிருள்ளதுன்னுதான் மேடம் நினைச்சேன்." காவலாளி துடுப்பை வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

அவள் பேனாவைத் திறந்தாள்.

"அவரை விட்டுடுங்க," என்றார் தலைவர். "வாலை மட்டும் தொடாதீங்கம்மா. நேத்து சாயங்காலம்தான் மறுபடி பூசினேன். பனியில இன்னும் காயல."