சேலைக்கடியில் ஒரு மருந்து

வாளையார் நெடுஞ்சாலையில் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போக, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்த ஹமீது பீரோவின் முன் நிற்கிறார். மனைவி சபுரா சேலைகளுக்கடியில் ஒளித்து வைத்திருந்த கிரீம் டியூப் அவர் கையில் இருக்கிறது. விரல்கள் மூடியைத் திறக்கின்றன, மூடுகின்றன, மறுபடி திறக்கின்றன. சபுரா வாசற்படியிலேயே நின்றுவிடுகிறாள். அவள் கையிலிருக்கும் ஈரத்துணி தரையில் சொட்டுகிறது. "பெரிய சீக்கா? எங்கிட்ட மறைக்கறயா?" ஹமீது டியூப்பைத் தூக்கிக் காட்டிக் கேட்கிறார். "சீக்கெல்லாம் இல்லீங்க." அவள் தரையைப் பார்த்தே பேசுகிறாள். "மாசாமாசம் வர்றது நின்னதுலருந்து உள்ளார காஞ்சுபோயி எரியுதுங்க. டாக்டரம்மாதான் பூசச் சொல்லிக் குடுத்தாங்க. நீங்க பக்கத்துல வந்தா வலிக்குமேன்னுதான் தள்ளிப் படுத்தனுங்க. வாய்விட்டுச் சொல்ல வெக்கமா இருந்துச்சு." ஹமீது தொப்பென்று கட்டிலில் உட்கார்கிறார். "என்னையப் புடிக்காமப் போயிருச்சுன்னு நெனச்சுட்டேன் புள்ள." அவள் மெல்ல வந்து அதே கட்டிலில் உட்கார்கிறாள். நடுவில் ஒரு முழ இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அவர் டியூப்பை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்குகிறார். "இத்தன நாளா ஒண்டியாவா எரிஞ்சுட்டுக் கெடந்தே?"