செவலைக்கு ஒரு ஆள்

மாடு இருக்கிற வீட்டில் இருவரும் சேர்ந்து ஊருக்குப் போக முடியுமா? ஒருத்தர் இருந்துதானே ஆகவேண்டும்? மருதாத்தாள் மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். ஐரோப்பாவில், பிராக் நகரில் படிக்கும் மகள் யோகப்பிரியா ஒரே ஒரு டிக்கெட்தான் அனுப்பியிருந்தாள்.

கணவர் கருப்புசாமி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பிராகுல ஆத்துப் பாலத்தை விடியறப்பவே பாத்துப்போடோணுமாம், புள்ள. ரொட்டியக் குடைஞ்சு அதுக்குள்ள சூப்பு ஊத்தித் தருவாங்களாம். பழனி, திருப்பதியெல்லாம் இதுக்கு முன்னால என்ன!"

"சரிங்க."

பழனிக்கும் திருப்பதிக்கும் அவர் போனபோது பால் கறந்தவள் அவள்தான். பெட்டியைப் பூட்டிவிட்டு, பால் வாளியை அவர் கையில் கொடுத்தாள்.

"செவலை ஒதைக்கும், பாத்துக் கறங்க. எனக்குக் கார் வந்துருச்சு."

அவர் வாளியையே பார்த்தார். "வேலந்தாவளம் சந்தைல செவலைய வித்துப்போட்டு, நானும் பின்னாலயே வந்துரட்டா?"

"வேண்டாங்க. அது இருக்கட்டுங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.