மேட்டில் நின்ற ஆஸ்டின்

1953ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7ஆம் நாள், சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மைசூர் எல்லையிலிருந்து ஓசூருக்கு வரும் சாலையில், மதுவிலக்குச் சாவடிக்கு எதிரே உள்ள மேட்டில், பழைய ஆஸ்டின் கார் ஒன்று இரு முறை துள்ளி, ஒரு முறை இருமி, நின்றுவிட்டது. அதன் முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ பலகைகள் தொங்கின.

ஓட்டியவர் சாந்தம்மா, ஓசூரில் தையற்பள்ளி நடத்துபவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கோவிந்தப்பன் அருகில் தலையில் கைவைத்து அமர்ந்திருந்தார்.

“கிளட்சை மெதுவா விடுங்கன்னா, தேளு கொட்டுன மாதிரி வெடுக்குனு காலை எடுத்துட்டீங்களேம்மா!”

சாவடியின் சப் இன்ஸ்பெக்டர் சகாயநாதன் கண்களைச் சுருக்கிக்கொண்டு வந்தார். மைசூர்ப் பக்கத்துச் சாராயப் புட்டிகள் ஓசூருக்குள் எவ்வாறு நுழைகின்றன என்பதை மாத இறுதிக்குள் அவர் கண்டுபிடித்தாக வேண்டும். தவறினால் ஊத்தங்கரைக்கு மாற்றல் என்று மேலிடம் எழுதியிருந்தது. ஓசூரில் அவர் கட்டிவரும் வீட்டுக்கோ இன்னும் கூரை போடவில்லை.

சென்ற சனிக்கிழமையும் இதே கார் இதே இடத்தில்தான் நின்றது. இம்முறை அவர் விடுவதாக இல்லை. இருக்கைகளைக் கழற்றினார், மாற்றுச் சக்கரத்தைத் தட்டினார், பெட்ரோல் தொட்டியை முகர்ந்தார். கிடைத்தது ஓர் அடுக்குப் பாத்திரம், அதில் புளியோதரை.

“சாப்பிடுங்க சார். தேடித் தேடிக் களைச்சுப் போயிட்டீங்க,” என்றார் சாந்தம்மா.

காருக்குப் பின்னே ராகி வைக்கோல் ஏற்றிய ஆறு கட்டை வண்டிகள் தேங்கிவிட்டன. முதல் வண்டியின் வெங்கடப்பன் எழுந்து நின்று கத்தினார்.

“ஏம்மா, வூட்ல தையல் மெஷினு இல்லியா? ரோட்டை மறிச்சிக்கினு நிக்கிறியே!”

“மாடு ஓட்டுறவனுக்குக் கியரைப் பத்தி என்னாய்யா தெரியும்? வாயை மூடு!” என்று சாந்தம்மா திருப்பிக் கத்தினார்.

“எம் மாட்டுக்குக் கியரும் வாணாம், பின்னால நாலு பேரு நின்னு தள்ளவும் வாணாம்!”

காவலர்கள் சிரித்துவிட்டனர். வைக்கோலைக் குத்திப் பார்க்கும் நீண்ட இரும்புக் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காரைத் தள்ள வந்தனர். பார்க்கப் பொறுக்காமல் சகாயநாதனும் தோள் கொடுத்தார்.

“ரெண்டாவது கியர் போடுங்கம்மா! இப்ப கிளட்ச்! ஐயோ, இப்ப இல்லை!”

மேடு ஏறுவதற்குள் கார் நான்கு முறை பின்னுக்கு வழுக்கியது. வெங்கடப்பன், “பாத்தியா, யாரு முன்னாடி போறதுன்னு!” என்று எகத்தாளம் செய்தவாறே, தம் கூட்டத்தோடு காரை முந்திச் சென்றார். சாந்தம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மாலை சகாயநாதனுக்கு முதுகு வலித்தது, மனமோ இளகியது. சேலத்தில் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார்:

‘சாந்தம்மா என்னும் அம்மையார் குற்றமற்றவர். ஆனால், மேட்டில் கார் எடுக்கும் திறமை அவருக்கு இப்பிறவியில் வாய்க்காது. கற்றுக்கொடுக்கும் கோவிந்தப்பனும் கைவிட்டுவிட்டார். கருணை கூர்ந்து மேட்டுச் சோதனையை மட்டும் விலக்கி, அவருக்கு உரிமம் வழங்க வேண்டுகிறேன்.’

அதற்குப் பின் வந்த சனிக்கிழமைகளிலும் கார் நின்றது, வெங்கடப்பன் ஏசினார், காவலர்கள் தள்ளினர்.

மாதத்தின் கடைசி நாளான 28ஆம் நாள், சனிக்கிழமை, காரைத் தள்ளிவிட்டு வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, சேலத்திலிருந்து வந்திருந்த பதிலைச் சகாயநாதன் பிரித்தார்.

‘தாங்கள் குறிப்பிடும் அம்மையார் 1944இலேயே உரிமம் பெற்றவர். யுத்த காலத்தில் இராணுவ ஆம்புலன்ஸ் ஓட்டி நற்சான்று வாங்கியவர். கோவிந்தப்பனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.’

சகாயநாதன் தலை நிமிர்ந்து சாலையைப் பார்த்தார். கார் இல்லை, வண்டிகளும் இல்லை. சிதறிக் கிடந்த வைக்கோலின் நடுவே, உடையாத புட்டி ஒன்று வெயிலில் மின்னியது.

விசாரணையின் முடிவில், சகாயநாதனை ஊத்தங்கரைக்கு மாற்றுவதென்றும், சாவடிக் காவலர் எவரும் இனி எந்தக் காரையும் தள்ளலாகாதென்றும், வைக்கோலைக் குத்தும் கம்பியைப் பணிநேரத்தில் ஒருபோதும் கையிலிருந்து இறக்கலாகாதென்றும் தீர்மானிக்கப்பட்டது.