விடுப்புக்கான காரணம்

"பையனா, பொண்ணா?"

ஜெயஸ்ரீ இன்னும் ஆட்டோவிலிருந்து முழுதாக இறங்கக்கூட இல்லை. அதற்குள் எதிர்வீட்டுக் காந்தா ஓடி வந்துவிட்டாள். கையில் பளபளக்கும் தாளில் சுற்றிய பொட்டலம்.

"யாருக்குக் காந்தா?"

"நல்லாக் கேட்டீங்க டீச்சர்! உங்க பொண்ணு சின்மயிக்குத்தான். வளைகாப்புக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லல. கண்ணு பட்டுடும்னு சொல்லலைன்னு சார் சொன்னார். பரவால்ல. குழந்தைக்குச் சின்னதா ரெண்டு சொக்காய்."

பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "பாட்டி ஆயிட்டியாக்கா? ஸ்வீட்டு எங்க, ஒண்ணியும் காணோமே!"

ஜெயஸ்ரீ பொட்டலத்தை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

ஜெயஸ்ரீக்கு ஐம்பத்தைந்து வயது. சேலையூரில் ஒரு தனியார் பள்ளியில் இருபத்தெட்டு வருடமாகக் கணக்கு டீச்சர். ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் நடத்திய கோடைப் பள்ளியில் மூன்று வாரம் மாணவியாக உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.

அங்கே யாரும் அவளை மிஸ் என்றோ அம்மா என்றோ கூப்பிடவில்லை. ஜெயஸ்ரீ என்றார்கள், பாதிப் பேர் தப்புத் தப்பாக. இரண்டாவது வாரம் அவள் கேட்ட ஒரு கேள்விக்குப் பேராசிரியர் உடனே பதில் சொல்லவில்லை. அதைப் பலகையில் எழுதினார். இன்றைக்குப் பாடம் இதுதான் என்றார்.

திரும்பி வரும்போது விமானத்தில் அவள் தூங்கவில்லை. இதை வீட்டில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கூடத்தில் அவள் கணவர் சுகுமார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தை அவர் மடியில் வீசினாள்.

"பொண்டாட்டி படிக்கப் போயிருக்கான்னு சொல்ல அவ்வளவு வெக்கமா? அதுக்குக் குழந்தை பொறந்ததாக் கதை கட்டுவீங்களா?"

அவர் டிவியை அணைத்தார்.

"கதை நான் கட்டல. உன் ஸ்டாஃப் ரூம்லேருந்து ஆறு பேர் வந்தாங்க. வெள்ளிக் கிண்ணம், தொட்டில் கட்டப் புடவை எல்லாம் வெச்சுட்டுப் போனாங்க. காந்தாவும் அப்ப இங்கதான் இருந்தாங்க. நீ லீவ் லெட்டர்ல அப்படித்தான் எழுதிக் குடுத்தியாம். நான் அப்படி ஒண்ணும் இல்லைன்னு சொல்லியிருந்தா உன் வேலை என்ன ஆகியிருக்கும்?"

"போன்ல சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அங்க உக்காந்து படிச்சிருப்பியா?"

அவளுக்குப் பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது. இவர் மீதும் கோபப்பட முடியாது என்றால் வேறு யார் மேல் படுவது?

இங்கே கோடை விடுமுறை மே மாதம். அங்கே ஜூலையில்தான் கோடை. முந்தைய இரண்டு வருடமும் அவளுக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருடமும் பள்ளித் தாளாளர் வேதாசலத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். முதல் வருடம் அவர் சிரித்தார். "புள்ளைங்க படிக்கிற நேரத்துல டீச்சர் படிக்கப் போறதா?" அடுத்த வருடம் சிரிக்கக்கூட இல்லை. "ரிட்டயர் ஆகற வயசுல இதெல்லாம் எதுக்கும்மா?" என்று விண்ணப்பத்தை மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

இந்த வருடம் அவள் எழுதியது ஒரே ஒரு வரி. மகளின் பிரசவத்துக்குத் துணையாக. அவர் முழுதாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "மூணு வாரம் போதுமாம்மா? ஒரு மாசமா எடுத்துக்கங்களேன்" என்றார்.

அன்றிலிருந்து உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது அது. ஸ்காட்லாந்து மழையிலும் அணையவில்லை.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். காந்தா இன்னும் ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"காந்தா, எனக்குப் பேரனும் இல்ல, பேத்தியும் இல்ல." தெரு முழுக்கக் கேட்டது. "நான் படிக்கப் போயிருந்தேன். காலேஜ் பெஞ்சுல உக்காந்து படிச்சேன். புரியுதா?"

பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காந்தா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"படிக்கவா? அப்ப சின்மயிக்குப் பிரசவம் யார் பாத்தா?"

ஜெயஸ்ரீ அறைந்து சாத்தியதில் கேட்டின் தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது.

சுகுமார் வந்து அதைக் குனிந்து எடுத்தார். "நாளைக்கு ஸ்கூல்ல என்ன சொல்லப் போற?"

"இதையேதான். வேலை போனாப் போகட்டும்."

"சரி." அவர் தாழ்ப்பாளைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். பொய்தான் சொல்லணும்னா ஊர்ல ஆயிரம் பொய் இருக்கு. கல்யாணமாகி ஏழு வருஷமா ஏங்கிட்டிருக்கற பொண்ணு பேர்ல இப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்துது? யார் சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சொல்லிக் கொடுத்தது சின்மயிதான். மார்ச் மாதம், லண்டனில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாலாம் நாள் போன் செய்திருந்தாள். ஐந்தாம் மாதத்தில் கரு போய்விட்டது. இது இரண்டாவது. முதல் தடவையே அப்பா இடிந்துபோனார், அதனால் இந்தத் தடவை உண்டானதையே அவருக்குச் சொல்லவில்லை, இதையும் சொல்லவே கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பிறகு அவளே, இந்த வருஷமாவது லீவ் கேட்டியா என்றாள். கேட்டுப் பிரயோஜனமில்லை என்றாள் ஜெயஸ்ரீ.

"எனக்குப் பிரசவம்னு எழுதிக் குடும்மா" என்றாள் சின்மயி. "ஒரு தடவையாவது அது யாருக்காவது உதவட்டும்."